பலகையில் இல்லாத பெயர்கள்: தாதியர் தலைமையும் குறிப்பறியும் திறனும்

எமது கல்லூரியின் பிரதான மண்டபத்தில் மேடைக்கு வலப்பக்கமாக ஒரு மரப்பலகை இருக்கிறது. வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் உயர்ந்த பழைய மாணவிகளின் பெயர்கள் அதிலே பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தாதியராகச் சென்ற ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய இடாப்புகளையும் சஞ்சிகைகளையும் புரட்டியபோதுதான் அந்தக் குறை எமக்கு உறைத்தது. ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஓரிருவர் தாதியர் பயிற்சிக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களுள் சிலர் மேற்றன்களாக ஓய்வு பெற்றிருக்கிறார்கள். பரிசளிப்பு விழாக்களில் அவர்களை மேடைக்கு அழைத்ததாக எமக்கு நினைவில்லை.

'மேற்றன்' என்ற சொல் எம்மில் பலருக்கு முதலில் அறிமுகமானது மாணவியர் விடுதியில்தான். விளக்கணைத்த பின் வரிசையாகக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வருவார். வீட்டிலிருந்து கடிதம் வராத பிள்ளை எது, போர்வைக்குள் அழுகிற பிள்ளை எது என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் காலை அந்தப் பிள்ளைக்குத்தான் ஏதோ ஒரு வேலை கிடைக்கும்: பூக்கன்றுக்குத் தண்ணீர் விட, சாப்பாட்டு மணி அடிக்க. தன்னைக் கவனித்துத்தான் அந்த வேலை தரப்பட்டது என்பது வளர்ந்த பிறகே அவளுக்கு விளங்கும்.

இந்தத் திறனுக்கு இன்று உளவியலில் 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்று பெயர். தன் உணர்வைத் தானே இனங்காணல், அதை ஆளுதல், பிறர் உணர்வை அறிதல், அறிந்ததற்கேற்ப நடத்தல் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பீற்றர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990 இல் அதை ஓர் ஆய்வுக் கருத்தாக முன்வைத்தனர். 1995 இல் டானியல் கோல்மனின் நூல் அதை உலகெங்கும் பரப்பியது. இன்று தாதியர் தலைமை பற்றிய பயிற்சிகளில் இச்சொல் அடிக்கடி ஒலிக்கிறது.

பெயர் புதிது. பொருள் எமக்குப் புதிதல்ல. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று காமத்துப்பாலில் வருவது. அது எதிர்பார்க்கக் கூடியதே. மற்றது பொருட்பாலில், அமைச்சருக்குரிய தகுதிகளைப் பேசும் பகுதியில் இருக்கிறது. சொல்லாமலே பிறர் மனத்தை அறிவது அன்புக்கு மட்டும் உரியதல்ல, ஆட்சிக்கும் வேண்டியது என்பதே அந்த வைப்புமுறை எமக்குச் சொல்வது. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளோ மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிபுரிபவரையும் சமமாக வைத்து எண்ணுகிறது. எங்கள் மண்டபத்துப் பலகை அந்த நான்காமவரை மறந்துவிட்டது.

இந்த நாட்டில் நாம் 'தாதி' என்கிறோம். பாக்குநீரிணைக்கு அப்பால் 'செவிலி' என்கிறார்கள். இரண்டுமே வளர்ப்புத் தாயைக் குறித்த பழஞ்சொற்கள். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய் பெண்ணின் முகவாட்டத்தையும் நடை மாற்றத்தையும் உற்றுக் கவனிப்பவள். ஆக, எம்மொழியில் இத்தொழிலின் பெயருக்குள்ளேயே குறிப்பறிதல் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் தாதியர் தலைமை எப்போதும் அதைக் கைக்கொண்டதா? அதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

விளக்கேந்திய சீமாட்டியும் அவரது தோழியும்

ஆரம்ப வகுப்பிலே நாம் எல்லோரும் படித்த பாடம் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கு, முகத்தில் கருணை. அந்தப் பாடத்தில் இல்லாத நைட்டிங்கேல் இன்னும் சுவாரசியமானவர்.

1854 ஒக்டோபர் 21 இல் அவர் லண்டனிலிருந்து கிரைமியப் போர்க்களத்து வைத்தியசாலைகளை நோக்கிப் புறப்பட்டார். அவருடைய தலைமையில் சென்ற பெண்கள் 38 பேர். அவர்களுள் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர், 14 பேர் வைத்தியசாலைகளில் கூலிக்கு வேலை செய்த தாதியர், எஞ்சியோர் அங்கிலிக்கன் சபை சார்ந்த அமைப்புகளிலிருந்து வந்தவர்கள். வேறு வேறு சமயப் பிரிவு, வேறு வேறு வர்க்கம், ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். நவம்பர் 4 இல் துருக்கியின் ஸ்கூட்டாரி நகரிலிருந்த படைமுகாம் வைத்தியசாலையை அடைந்தபோது அங்கிருந்த இராணுவ வைத்தியர்கள் இவர்களை வரவேற்கவில்லை. பெண்கள் இங்கே எதற்கு என்பதே அவர்களது எண்ணம்.

அந்த இடத்தில் நைட்டிங்கேல் செய்தது கவனிக்கத்தக்கது. அவர் வாதாடவில்லை. வைத்தியர்கள் கேட்கும்வரை தம் தாதியர் விடுதிகளுக்குள் கால்வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். கண்ணெதிரே காயப்பட்டவர்கள் கிடக்க, தாதியர் தங்கள் அறைகளில் இருந்து துணிகளைத் தைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு அது கொடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவரது கணிப்புப் பிழைக்கவில்லை. இன்கர்மன் சண்டைக்குப் பிறகு காயக்காரர் கப்பல் கப்பலாக வந்து இறங்க, வைத்தியர்களே உதவி கேட்டு வந்தார்கள். தன் கோபத்தை அடக்கி, எதிரில் இருப்பவரின் அச்சத்தையும் தன்மானத்தையும் அறிந்து நடந்தமையால் கிடைத்த வெற்றி அது.

அதே நைட்டிங்கேல் அடுத்த மாதமே வேறொரு முகம் காட்டினார். 1854 டிசெம்பரில் மேரி ஸ்டான்லி என்பவரின் தலைமையில் இன்னுமொரு தாதியர் குழு வந்து சேர்ந்தது. தன்னைக் கேளாமல் அனுப்பினார்கள் என்று அவர் கொதித்துப் போனார். பதவியை விட்டு விலகுவேன் என்று எழுதினார். மேரி ஸ்டான்லி அதுவரை அவருடைய நண்பி. அந்த நட்பு முறிந்தது. அக்குழுவில் வந்த அயர்லாந்துக் கன்னியரின் தலைவி பிரிஜ்மன் அம்மையாரோடும் பிணக்கு நீண்டது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது என்பாரும் உளர். ஆனால் ஆணையிடத் தெரிந்த அளவுக்கு அணைத்துப்போக அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கவில்லை.

இதை அவர் தாமே உணர்ந்திருந்தார் என்பதுதான் எம்மை ஈர்க்கிறது. முதற் குழுவில் வந்த கன்னியருள் ஒருவர் அன்னை மேரி கிளேயர் மூர். டப்ளினில் பிறந்தவர்; லண்டன் பேர்மொண்ட்சி கன்னியர் மடத்தின் தலைவி. ஸ்கூட்டாரியில் துணிமணி, உணவு, களஞ்சியம் என்று யாரும் பாராட்டாத வேலைகளைச் சத்தமின்றிச் செய்தார். அவர் 1856 வசந்தத்தில் உடல்நலம் கெட்டு நாடு திரும்பியபோது நைட்டிங்கேல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தத் தலைமைப் பொறுப்புக்குத் தன்னைவிட அவரே மிகத் தகுதியானவர் என்பது அதன் சாரம். உலகமே தன்னைப் புகழ்ந்துகொண்டிருந்த வேளையில் ஒரு தலைவி எழுதிய கடிதம் அது. அவர்களுடைய நட்பு 1874 இல் கிளேயர் மூர் இறக்கும்வரை நீடித்தது.

பாடப்புத்தகத்தில் ஒருத்தியின் கையில்தான் விளக்கு இருக்கிறது. அந்த விளக்குக்கு எண்ணெய் விட்டவர்களும் இருந்தார்கள்.

பதிவேட்டில் அடங்காதது

1860 இல் லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் நைட்டிங்கேல் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. முதல் அணியில் 15 பேர். மேற்றன் வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொரு பயிலுநர் பற்றியும் மாதாந்தம் ஒரு பதிவேடு நிரப்பினார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம், உடை ஒழுங்கு என்று அதிலே நிரல்கள் இருந்தன. தாதியென்றால் குடிப்பவள், படியாதவள் என்று சமூகம் இகழ்ந்த காலம் அது. அந்த இகழ்ச்சியை வெல்வதற்கு ஒழுங்கு தேவைப்பட்டது. மத்தியதர வர்க்கப் பெண்கள் வெளியே வந்து சம்பளம் பெறும் கௌரவமான தொழிலாகத் தாதியம் மாறியதில் அந்தப் பதிவேட்டுக்கும் பங்குண்டு.

நைட்டிங்கேலின் தாதியம் பற்றிய நூலும் அதே காலத்தது. அச்சமும் நிச்சயமின்மையும் காத்திருப்பும் நோயாளியை உடல் உழைப்பைவிட அதிகம் வருத்தும் என்று அதில் அவர் விளக்குகிறார். பார்க்க வருபவர்கள் நோயாளிக்குச் சொல்லும் போலி ஆறுதலைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். "ஒண்டுமில்லை, சுகமாகிவிடும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகும் எம்மவருக்கும் அது பொருந்தும். நோயாளியின் மனம் அவருக்கு நன்கு புரிந்திருந்தது. ஆனால் தாதியின் மனம்? அதற்கான நிரல் எதுவும் பதிவேட்டில் இருக்கவில்லை.

அந்த முறையே பிரித்தானிய ஆட்சியோடு உலகின் பல பாகங்களுக்கும், எமது நாட்டுக்கும் வந்தது. மேற்றன், சிஸ்டர், பயிலுநர் என்ற படிநிலை. கஞ்சி போட்ட வெள்ளை உடை. மேற்றன் சுற்றுக்கு வரும்போது கட்டில் விரிப்பில் ஒரு மடிப்பும் இருக்கக்கூடாது என்ற விதி. காலப்போக்கில் இந்த ஒழுங்கு வேறொரு பணியையும் மறைவாகச் செய்யத் தொடங்கியது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பெண்ணே.

இசபெல் மென்சிஸ் லண்டன் டவிஸ்டொக் நிறுவனத்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர். 1950களின் பிற்பகுதியில் ஒரு பெரிய போதனா வைத்தியசாலை தனது பயிலுநர் தாதியரைப் பணிக்கமர்த்தும் முறையில் உள்ள சிக்கல்களைத் தீர்க்க உதவுமாறு அந்நிறுவனத்தை நாடியது. அங்கே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குப் பயிலுநர்கள் பயிற்சியை முடிக்காமலே விலகிக்கொண்டிருந்தார்கள். மென்சிஸின் ஆய்வுக் கட்டுரை 1960 இல் வெளிவந்தது.

அவர் கண்டவை இவை. ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிக்க விடப்படவில்லை. முப்பது பேருக்கும் உடல்வெப்பம் பார்ப்பது, முப்பது பேருக்கும் கட்டில் விரிப்பது என்று வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. நோயாளிக்குப் பெயர் இல்லை. 'பத்தாம் கட்டில் ஈரல்' என்பதே பெயர். யாரோடாவது ஒட்டுதல் ஏற்படுமுன் தாதி வேறு விடுதிக்கு மாற்றப்பட்டாள். சிறு முடிவும் மேலே மேலே அனுப்பப்பட்டது. இளையவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று மூத்தோரும், மூத்தோர் இரக்கமற்றவர்கள் என்று இளையோரும் நம்பினார்கள்.

இவையெல்லாம் திறமையீனத்தால் வந்தவையல்ல என்றார் மென்சிஸ். நோயும் வேதனையும் மரணமும் நாளாந்தம் எழுப்பும் அச்சத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நிறுவனமே கட்டிக்கொண்ட அரண்கள் அவை. ஆனால் அரணால் அச்சம் குறையவில்லை. நோயாளியின் சுகத்தில் கிடைக்கக்கூடிய மனநிறைவையும் அது தடுத்துவிட்டது. விலகிச் சென்ற பயிலுநர்களுள் நல்ல திறமைசாலிகளும் இருந்தார்கள்.

எமது வகுப்பின் இருவர்

இதை வாசித்தபோது எம்மோடு படித்த இருவரின் நினைவு வந்தது. பெயர்கள் வேண்டாம். இருவரும் உயர்தரம் முடித்துத் தாதியர் பயிற்சிக்குப் போனவர்கள். பெறுபேறுகளும் ஏறக்குறைய ஒன்றே. ஒருத்தி இரண்டாம் வருடத்தில் பயிற்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவளுக்கு மனத்தைரியம் காணாது" என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவள் காதிலும் அது விழுந்திருக்கும்.

முப்பது வருடங்களுக்குப் பின், புலம்பெயர் நாடொன்றில் நடந்த ஒன்றுகூடலில் அவளே வாய்திறந்தாள். இரவுக் கடமையில் அவளை 'அக்கா, அக்கா' என்று அழைத்துக்கொண்டிருந்த ஒரு சிறு பிள்ளை விடியுமுன் இறந்துபோனது. துணி அலுமாரிக்குப் பின்னால் நின்று அழுதாள். மூத்தவர் வந்து, "இஞ்சை அழுகிறதுக்கு ஆரும் சம்பளம் தாறேல்லை. மற்றக் கட்டிலுகளுக்கு மருந்து குடுத்தாச்சோ?" என்றார். அடுத்த கிழமை அவளை வேறு விடுதிக்கு மாற்றினார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவளோடு ஒருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கட்டிலருகிலும் அவளால் நிற்க முடியவில்லை.

அதே மேசையில் மற்றவளும் இருந்தாள். அவள் வேறொரு வைத்தியசாலையில் பயின்றவள். அவளும் முதல் மரணத்தின்போது உறைந்துபோய் நின்றாளாம். பொறுப்பான சிஸ்டர் வந்து தோளைத் தொட்டு, "வா பிள்ளை, ரெண்டு பேருமாச் செய்வம்" என்றார். இருவரும் சேர்ந்து அந்த உடலைத் துடைத்து, வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பிறகு, "போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா. ஆறாம் கட்டிலம்மா உன்னைத்தான் தேடுறா" என்று அனுப்பினார். அவள் மேற்றனாக ஓய்வு பெற்றவள்.

மேசையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு மேற்றனாக இருந்தவள்தான் மற்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு அந்த சிஸ்டர் கிடைக்கேல்லை, அவ்வளவுதான்" என்றாள்.

அலுமாரிக்குப் பின்னால் வந்து ஏசிய அந்த மூத்தவரையும் நாம் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறோம். அவருடைய முதல் மரணத்தின்போது அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கக் கூடும். கேட்க ஆளில்லாமற் போன அழுகை பின்பு கண்டிப்பாக உருமாறி அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுகிறது. மென்சிஸ் எழுதியதும் இதைத்தான். பின்னர் பாம் ஸ்மித் என்ற ஆங்கிலேயத் தாதி, தாதியரின் உணர்வு உழைப்புப் பற்றி 1992 இல் வெளியிட்ட நூலிலும் இதே உண்மை வேறுவழியாக வருகிறது: விடுதிப் பொறுப்பான சிஸ்டர் தன் தாதியரை எப்படி நடத்துகிறாரோ, அதைப் பொறுத்தே தாதியர் நோயாளரை நடத்துகிறார்கள்.

ஆகவே தாதியர் தலைமையில் மனவெழுச்சி நுண்ணறிவு என்பது இனிமையாகப் பேசுவதல்ல. கண்டிப்பைக் கைவிடுவதுமல்ல. "ரெண்டு பேருமாச் செய்வம்" என்ற சிஸ்டர் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. உடலும் கழுவப்பட்டது, ஆறாம் கட்டிலும் கவனிக்கப்பட்டது. கீழே இருப்பவளின் அச்சத்தைத் தான் ஏந்திக்கொள்வதால், அவள் நோயாளியின் அச்சத்தை ஏந்த வலுப்பெறுகிறாள். அமைச்சியலிலும் காமத்துப்பாலிலும் குறிப்பறிதல் இருப்பதன் பொருள் எமக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

எமது மண்ணில்

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவத்தின் கதை சொல்வோர் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததை மறப்பதில்லை. இணுவிலில் 1898 இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று தொடங்கிய மக்லியொட் வைத்தியசாலையையும் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய பெண்களுக்கு அது கதவு திறந்தது. உள்ளூர்ப் பெண்கள் அங்கே தாதியராகப் பயின்றார்கள். பிறருடைய உடலைத் தொட்டுச் செய்யும் வேலை, இரவிலே வீட்டுக்கு வெளியே தங்கும் வேலை என்று ஊர் முகஞ்சுளித்த காலத்தில் அந்த வாசலைத் தாண்டியவர்கள் அவர்கள். எமது கல்லூரிப் பலகை தாதியரை மறந்ததன் வேர் அந்த முகஞ்சுளிப்பில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

பிறகு யுத்த காலம். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் அன்றும் மறுநாளும் வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளர் எனப் பலர் கொல்லப்பட்டார்கள். நைட்டிங்கேல் லண்டனிலிருந்து புறப்பட்ட அதே திகதி. அதில் அர்த்தம் தேட நாம் முயலவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். அந்த வைத்தியசாலை மீண்டும் இயங்கியது. தம்மோடு வேலை செய்தவர்கள் விழுந்த அதே ஓடைகளில் தாதியர் மறுபடியும் மருந்துத் தட்டுடன் நடந்தார்கள். அவர்களுக்கு யாரோ கடமை நேர அட்டவணை போட்டார்கள். யார் அந்த விடுதிக்கு இப்போதைக்குப் போக மாட்டாள், யாரை இரவில் தனியே விடக்கூடாது என்று யாரோ முகம் பார்த்து அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எந்தச் சான்றிதழிலும் எழுதப்படுவதில்லை. அது இல்லாமல் அந்தக் கதவுகள் திறந்திருக்கவும் முடியாது.

இன்று எமது தாதியர் இந்நாட்டின் மூலை முடுக்குகளிலும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பணியாற்றுகிறார்கள். கொவிட் காலத்தில், உறவினர் அருகே வரமுடியாத கட்டில்களின் அருகில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் தாதியரே. இப்போது பொறுப்பிலிருக்கும் எமது தங்கைகளிடம் நாம் கேட்பது ஒன்றே: புதிதாக வரும் பிள்ளையின் முதல் மரணத்தை நினைவில் வைத்திருங்கள். அன்று அவள் பக்கத்தில் நில்லுங்கள்.

பழைய மாணவிகள் எல்லோரிடமும் இன்னொரு வேண்டுகோள். தாதியரான எமது கல்லூரிப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பணியாற்றிய இடம் ஆகியவற்றைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். பயிற்சியை முடித்தவர்களோடு, இடையில் விட்டவர்களையும் எழுதுங்கள். மண்டபத்தில் இன்னொரு பலகைக்கு இடம் இருக்கிறது. முதல் வரியில் எந்த இரு பெயர்கள் வரவேண்டும் என்று எமது வகுப்பு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில்.